வாசலில் எம்எல்ஏவை நிறுத்தினேன். இனி என் நிலை என்ன?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 43 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும், அலுவலகத்தையும், அடையாளம் காட்டிவிடக்கூடிய மற்ற விவரங்களையும் நீக்கிவிட்டு, நடந்ததை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன்.

வாசகர் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர். மலையாளம் தடையில்லாமல் பேசுவார், வாசிக்க வராது. தனியார் காவல் நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தத் தொழிலாளியாக, நில அளவை அலுவலகம் உட்படப் பல அரசு அலுவலகங்கள் இயங்கும் மினி சிவில் ஸ்டேஷன் ஒன்றில் வாயிற்காவல் பார்த்துவந்தார். கேரளத்தில் 2022 நவம்பரில் தொடங்கிய டிஜிட்டல் மறு அளவையில் தங்கள் நிலத்தின் பரப்பு குறைந்துவிட்டது என்று முறையிடும் எல்லையோர விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு, தமிழ்நாட்டுப் பக்கத்துத் தொகுதி ஒன்றின் சட்டமன்ற உறுப்பினர் அங்கே வந்திருக்கிறார். கூட வந்தவர்கள் முப்பது பேருக்கு மேல். ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் மாடிக்கு அனுப்பக் கூடாது, வருகைப் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும் என்பது அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருந்த உத்தரவு. வாசகர் கைத்தடியைக் கதவுக்குக் குறுக்கே நீட்டி, "ஐயா, நீங்களும் இன்னும் நாலு பேரும் போகலாம், மத்தவங்க இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். எம்எல்ஏ தடியைத் தட்டிவிட்டு, நெஞ்சில் கைவைத்துத் தள்ள, வாசகர் கதவுச் சட்டத்தில் மோதினார், மணிக்கட்டு வீங்கிவிட்டது. விழாமலிருக்கக் கை நீட்டியபோது எம்எல்ஏவின் தோள்துண்டு கையோடு வந்துவிட்டது. பக்கத்தில் பணியிலிருந்த சிவில் போலீஸ் ஆபீசர் இடையில் புகுந்தார். அவரையும் கூட வந்தவர்கள் பிடித்துத் தள்ளினார்கள்.

அந்தப் போலீஸ்காரர் கொடுத்த புகாரின் பேரில், எம்எல்ஏ மீதும் வேறு சிலர் மீதும் அரசு ஊழியரைத் தாக்கிப் பணி செய்யவிடாமல் தடுத்த குற்றத்துக்காக வழக்குப் பதிவாகியிருக்கிறது. வாசகர் அதில் சாட்சி. இதற்கிடையில் துண்டு விழும் காட்சியை மட்டும் வெட்டியெடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. துண்டைப் பறித்து அவமானப்படுத்தியதாகத் தமிழ்நாட்டுக் காவல் நிலையம் ஒன்றில் தம்மீது புகார் கொடுத்திருப்பதாக வாசகர் கேள்விப்படுகிறார். காவல் நிறுவனமோ "விஷயம் ஆறும்வரை வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டது. அதன் மேற்பார்வையாளர் மலையாளத்தில் தட்டச்சு செய்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டிருக்கிறார். இன்னொருவர் வந்து, 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எம்எல்ஏவோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டால் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார். "நம்ம சனத்துக்காக வந்த மனுசனையே தடுத்துட்டியே" என்று சொந்தக்காரர்களே முகம் திருப்புகிறார்கள். சபாநாயகர் அனுமதி இல்லாமல் எம்எல்ஏ மீது வழக்கே நிற்காதாமே, உரிமை மீறல் என்று சட்டமன்றத்துக்கு இழுத்துச் சிறையில் போடுவார்களாமே, நான் மன்னிப்புக் கேட்டுவிடட்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

கடிதம் முழுவதிலும் "நான் செய்தது தப்பா" என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். ஐந்து பேருக்கு அனுமதி உண்டு என்று சொல்லி, அவருக்கு வழியும் விட்டு, மற்றவர்களை நிறுத்தியது வாயிற்காவலர் செய்ய வேண்டிய வேலைதான். மக்கள் பிரதிநிதிகளை மரியாதையோடு நடத்த வேண்டும் என்று அரசுகள் தங்கள் அலுவலர்களுக்கு அறிவுறுத்தல்கள் கொடுத்திருக்கின்றன. அவை அலுவலர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்பவை. கூட்டத்தோடு எந்த அரசுக் கட்டடத்துக்குள்ளும் நுழையலாம் என்ற உரிமையை அவை யாருக்கும் தரவில்லை. தடியைக் குறுக்கே நீட்டாமல் வாயால் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் அது பண்புக்குறைவு என்ற அளவில் நிற்கக்கூடியதே தவிரக் குற்றமாகாது.

அதே சமயம் உங்கள் அதிகாரத்தின் எல்லையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சீருடை அணிந்திருந்தாலும், தனியார் காவல் நிறுவனத்தின் காவலருக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005 உங்களுக்குப் பயிற்சியும் அடையாள அட்டையும் தர வேண்டும் என்கிறது. ஆளைச் சோதனையிடவோ பிடித்துவைக்கவோ தனி அதிகாரம் எதையும் தரவில்லை. உங்களுக்கு இருப்பது எந்தக் குடிமகனுக்கும் உள்ள தற்காப்பு உரிமை மட்டும்தான். அதுவும் வந்த தாக்குதலின் அளவுக்கு மிஞ்சாததாக இருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த எல்லையைத் தாண்டவில்லை.

இங்கே ஒரு பலவீனம் இருக்கிறது. ஐந்து பேர் என்ற உத்தரவு வாய்மொழியாக மட்டுமே இருந்தது என்கிறீர்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் "அப்படி உத்தரவே இல்லை, இந்த ஆளாகவே தடுத்தார்" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார்; அலுவலகத் தலைவர் அன்றைக்குப் பின்வாங்கிவிட்டால் நீங்கள் தனியே நிற்க நேரும். ஆகவே பணி அறிவுறுத்தல்கள் அடங்கிய கோப்போ, வாசல் அறிவிப்போ, வருகைப் பதிவேட்டின் முந்தைய நாட்களின் பக்கங்களோ இருந்தால், அவற்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இப்போதே கேட்டு வையுங்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவை அழியாமல் எடுத்து வைக்கும்படி அலுவலகத் தலைவருக்கும் விசாரணை அதிகாரிக்கும் இன்றே எழுதுங்கள். அந்தப் பதிவுகள் சில வாரங்களில் தாமாகவே மேலெழுதப்பட்டுவிடும். வெட்டிய வீடியோவுக்கு அசைக்க முடியாத பதில் அந்த முழுப் பதிவில்தான் இருக்கிறது. அதை நீங்களே வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம். நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது அங்கேதான் போக வேண்டும்.

சபாநாயகர் அனுமதியும் உரிமை மீறலும்

அரசியலமைப்புச் சட்டத்தின் 194ஆவது உறுப்பு, சட்டமன்ற உறுப்பினர் அவைக்குள் பேசியதற்காகவோ வாக்களித்ததற்காகவோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது. பேரவை வளாகத்துக்குள் ஓர் உறுப்பினரைக் கைது செய்யப் பேரவைத் தலைவரின் அனுமதி வேண்டும். வெளியே கைது செய்தால் அவருக்கு உடனே தகவல் தர வேண்டும். கேரளப் போலீஸ் கைது செய்தால் தமிழ்நாட்டுப் பேரவைத் தலைவருக்குத் தகவல் போகும். அனுமதிக்கும் தகவலுக்கும் உள்ள வேறுபாட்டை உங்களுக்கு யாரோ குழப்பியிருக்கிறார்கள். கூட்டத்தொடருக்கு 40 நாட்கள் முன்னும் பின்னும் கைது கூடாது என்று கேள்விப்படுவீர்கள். அது கடன், ஈடு போன்ற உரிமையியல் வழக்குகளுக்கு மட்டும். குற்றவியல் வழக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. திருச்சி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கே. அனந்தன் நம்பியார், தம்மைத் தடுப்புக் காவலில் வைத்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது, செல்லத்தக்க காவல் உத்தரவைப் பொறுத்தவரை உறுப்பினரும் சாதாரணக் குடிமகனும் ஒன்றே என்று உச்ச நீதிமன்றம் 1965இல் சொல்லிவிட்டது.

அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அரசின் அனுமதி வேண்டும் என்ற சட்டப்பிரிவையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அந்துலே வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம், சட்டமன்ற உறுப்பினர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பொருளில் அரசு ஊழியர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. அரசு ஊழியர் என்றே வைத்துக்கொண்டாலும், வாசலில் ஒருவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவது எந்தப் பதவியின் கடமையிலும் சேராது.

கேரளத்திலேயே இதற்குப் பெரிய முன்னுதாரணம் உண்டு. 2015 மார்ச் 13 அன்று, நிதியமைச்சர் கே.எம். மாணி வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்க இருந்தபோது, பேரவைக்குள் நாற்காலியும் மைக்கும் கணினியும் உடைந்தன. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் ஆறு பேர் மீது வழக்கு. பின்னர் அவர்களில் மூவர் அமைச்சர்கள் ஆனார்கள். வழக்கைத் திரும்பப் பெற அரசு அனுமதி கேட்டபோது, 2021 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டமன்றச் சிறப்புரிமைகள் நாட்டின் பொதுச் சட்டத்திலிருந்து விலக்குப் பெறும் வாசலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். பேரவைக்கு உள்ளே நடந்ததற்கே பாதுகாப்பு இல்லை என்னும்போது, மினி சிவில் ஸ்டேஷன் வாசலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2023 மார்ச் 15 அன்று, அதே பேரவையில் பேரவைத் தலைவரின் அலுவலகத்துக்கு முன்னால் எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் வாட்ச் அண்ட் வார்டு எனப்படும் பேரவைக் காவலர்களுக்கும் தள்ளுமுள்ளு நடந்து, இரு தரப்பும் அடிபட்டதாகச் சொல்லின. அப்போதும் உறுப்பினர்கள் மீது காவல்துறை வழக்குப் பதிவு செய்தது.

உரிமை மீறல் பயம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்லமாட்டேன். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1987இல் ஆனந்த விகடன் ஆசிரியரையும், 2003இல் நாளிதழ்களைச் சேர்ந்த சிலரையும் சிறைக்கு அனுப்பத் தீர்மானித்தது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2003இல் கைதுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஆனால் அவை இரண்டும் அவையையும் அதன் உறுப்பினர்களையும் பற்றி அச்சில் வந்தவை தொடர்பானவை. உங்கள் விஷயம் வேறு. உறுப்பினரை அவைக்குப் போகவிடாமல் தடுத்தால், அல்லது அவைக் கடமையைச் செய்யவிடாமல் தடுத்தால் உரிமை மீறல் வரும். வேறொரு மாநிலத்தின் நில அளவை அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கப் போவது தொகுதி மக்களுக்கான நல்ல வேலையாக இருக்கலாம்; அவைப்பணி ஆகாது. 2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, அவையின் கூட்டுச் செயல்பாட்டோடு தொடர்பும், உறுப்பினரின் அவைப்பணிக்கு அவசியமும் இருந்தால்தான் சிறப்புரிமை என்று அளவுகோல் வகுத்திருக்கிறது. அப்படி ஏதேனும் நோட்டீஸ் வந்தால் பதறாமல், பதில் எழுதும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். வராது என்றே கருதுகிறேன்.

துண்டும் எதிர்ப்புகாரும்

தோளில் கிடந்த துண்டு கீழே விழுவது நம் ஊர்களில் எவ்வளவு பெரிய அவமானமாக எடுத்துக்கொள்ளப்படும் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் வீடியோவில் அந்தக் காட்சியை மட்டும் வெட்டியெடுத்திருக்கிறார்கள். ஒருவரை அவமானப்படுத்தும் நோக்கத்தோடு பலப்பிரயோகம் செய்வது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 133ஆவது பிரிவில் குற்றம்தான். இரண்டாண்டுவரை தண்டனை உண்டு. ஆனால் அந்தப் பிரிவு நிற்பது நோக்கத்தின் மீது. தள்ளப்பட்டு விழப்போனவர் கைக்கு அகப்பட்டதைப் பற்றினால் அதில் அவமானப்படுத்தும் நோக்கம் எங்கே இருக்கிறது? முழுப் பதிவில் தள்ளல் முதலிலும் துண்டு பின்னாலும் வந்தால், புகார் அங்கேயே தளர்ந்துவிடும். மேலும் 133 ஜாமீனில் விடத்தக்க பிரிவு. போலீஸ் நேரடியாக வழக்குப் பதிவு செய்யக்கூடியதும் அல்ல. எனவே முன்ஜாமீனுக்கு ஓடுமாறு உங்களுக்குச் சொன்னவர் அவசரப்பட்டிருக்கிறார். முன்ஜாமீன் என்பது ஜாமீனில் விட முடியாத குற்றத்துக்கு மட்டும்தான்.

புகாரைத் தமிழ்நாட்டுப் பக்கத்தில் கொடுத்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த இடத்தில் நடந்த குற்றமானாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பெறலாம் என்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு சொல்கிறது. பெற்றபின் சம்பவம் நடந்த எல்லைக்குரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். சம்பவம் கேரளத்தில் நடந்ததால், விசாரணையும் கேரளத்தில்தான். ஒருவேளை அங்கே கடுமையான பிரிவுகளோடு வழக்குப் பதிவாகி, அந்த மாநிலப் போலீஸ் தேடி வரும் என்ற நிலை ஏற்பட்டால், நீங்கள் குடியிருக்கும் இடத்து நீதிமன்றமே குறுகிய காலத்துக்கு முன்ஜாமீன் பாதுகாப்புத் தரலாம் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாலக்காடு செஷன்ஸ் நீதிமன்றத்தை விட்டு நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. உங்கள் பெயரில் ஏதேனும் வழக்குப் பதிவாகியிருக்கிறதா என்பதைக் கேரளக் காவல்துறையின் 'துணா' இணையதளத்திலும், தமிழ்நாட்டுக் காவல்துறையின் இணையதளத்திலும் பார்க்கலாம். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஊரில் பேசிக்கொள்வதை நம்பித் தூக்கம் கெடுவதைவிட இது மேல்.

சாட்சியாக இருப்பதா, புகார்தாரராவதா, சமரசமா?

உங்கள் நிலைமையில் பலரும் செய்கிற தவறு, தனியாக இன்னொரு புகார் எழுதிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போவது. ஒரே சம்பவத்துக்கு, ஒரே தரப்பிலிருந்து, இரண்டாவது முதல் தகவல் அறிக்கை கூடாது என்று டி.டி. ஆன்டணி வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது கூத்துப்பறம்பு துப்பாக்கிச் சூட்டிலிருந்து பிறந்த கேரள வழக்குதான். எதிர்த்தரப்பின் மாற்றுப் புகாருக்கு அந்தத் தடை இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே இப்போது நிலுவையில் உள்ள வழக்கிலேயே, விசாரணை அதிகாரியிடம் நீங்கள் காயப்பட்டவர் என்று வாக்குமூலம் கொடுத்து, மருத்துவமனை தரும் காயச் சான்றையும் சேர்த்து, உங்களுக்கு நேர்ந்ததற்கான பிரிவுகளைச் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

ஏன் இது முக்கியம் என்றால், வழக்கின் பெரிய பிரிவுகளான நியாய சன்ஹிதாவின் 132உம் 121உம் அரசு ஊழியரைப் பற்றியவை. போலீஸ்காரர் அந்த வரையறைக்குள் வருவதில் சந்தேகமே இல்லை. தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தக் காவலர் வருவாரா என்பது வாதத்துக்குரியது. அதை நம்பி நீங்கள் இருக்கக் கூடாது. சாதாரணக் காயம் ஏற்படுத்தியதற்கான 115(2), மிரட்டலுக்கான 351, வேண்டுமென்றே அவமதித்ததற்கான 352 ஆகியவை அரசு ஊழியரல்லாத உங்களுக்கும் பொருந்தும். இவை தனியாக வந்தால், மாஜிஸ்திரேட் உத்தரவின்றிப் போலீஸ் விசாரிக்க முடியாத பிரிவுகள். ஆனால் அதே வழக்கில் போலீஸ் நேரடியாக விசாரிக்கத்தக்க குற்றம் ஒன்று இருந்தால், முழு வழக்கையும் போலீஸே விசாரிக்கலாம். எனவே உங்கள் காயம் அந்த வழக்கோடு சேர்ந்து போவதே உங்களுக்கு நல்லது. போலீஸ் சேர்க்க மறுத்தால் மாவட்டக் காவல்துறைத் தலைவருக்கு எழுதலாம். அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட்டை அணுகலாம். 115(2)க்கு ஓராண்டுக் காலவரம்பு இருப்பதால் ஆறப்போட வேண்டாம்.

சமரசத்துக்கு வருவோம். நீங்கள் கேள்விப்பட்டதுபோல ஒரு படத்தோடு எல்லாம் முடிந்துவிடாது. உங்களுக்கு நேர்ந்த சாதாரணக் காயம், அவமதிப்பு போன்றவற்றைச் சட்டப்படி நீங்கள் சமரசம் செய்துகொள்ளலாம். அரசு ஊழியரைத் தாக்கிய குற்றம் அப்படியல்ல. அதில் உங்கள் ஒப்புதலுக்கு இடமே இல்லை. அரசே வழக்கைத் திரும்பப் பெற நினைத்தாலும், நீதிமன்றத்தின் சம்மதம் வேண்டும். புதிய சட்டத்தில் பாதிக்கப்பட்டவரையும் கேட்க வேண்டும். எம்பி, எம்எல்ஏ மீதான வழக்கானால், உச்ச நீதிமன்றத்தின் 2021 ஆகஸ்ட் 10 உத்தரவின்படி உயர் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். ஆகவே 25,000 ரூபாய்க்கு அவர்கள் உங்களிடம் உண்மையில் வாங்க நினைப்பது சாட்சி சொல்லாமல் இருப்பதை. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு கூண்டில் ஏறி மாற்றிச் சொன்னால், பொய்ச்சாட்சி வழக்கு உங்கள் தலையில் விழும். பணம் கொடுத்தவர் அன்றைக்கு உங்களுக்குத் துணைக்கு வரமாட்டார்.

மன்னிப்பு என்பது வேறு. எம்எல்ஏ உங்களிடம் வருத்தம் தெரிவிக்க முன்வந்தால் ஏற்றுக்கொள்வதில் இழுக்கில்லை. நீங்களும் "துண்டு விழுந்ததற்கு வருந்துகிறேன், வேண்டுமென்று செய்யவில்லை" என்று சொல்லலாம். இதை வழக்கறிஞர் வழியாக, எழுத்தில், பணப்பேச்சு இல்லாமல் செய்யுங்கள். "நான் துண்டைப் பறித்தேன், மன்னிக்கவும்" என்று எழுதிவிட்டால் அது ஒப்புதல் ஆகிவிடும்.

எம்எல்ஏவின் பதவி போய்விடும் என்று ஒரு தரப்பு கொண்டாடுவதாகவும், அதனால் உங்களுக்குப் பகை கூடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குற்றத்தீர்ப்போடு இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கப்பட்டால்தான் தகுதியிழப்பு; 2013இல் லில்லி தாமஸ் வழக்குக்குப் பிறகு அது உடனே நடைமுறைக்கு வருகிறது. அதுவரை போக வேண்டிய தூரம் நிறைய. எல்லைப்புறத்தில் இரண்டு மாநிலக் கட்சிக்காரர்களும் இத்தகைய சம்பவத்தைக் கையிலெடுத்துக்கொள்வது வழக்கம்தான். அங்கே உங்களைத் தமிழர்களுக்கு எதிரானவராகவும், இங்கே தமிழ்நாட்டு எம்எல்ஏவை அடக்கிய வீரராகவும் காட்டுவார்கள். இரண்டு மேடையிலும் ஏற வேண்டாம். நிலத்தின் அளவு குறைந்ததாகச் சொல்லும் விவசாயிகளின் குறை உண்மையாகவே இருக்கலாம்; அது மறு அளவையில் ஆட்சேபணை கொடுத்துத் தீர்க்க வேண்டியது. வாசலில் யார் யாரைத் தள்ளினார்கள் என்பதோடு அதைச் சேர்த்துப் பேச வேண்டியதில்லை. உங்கள் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர்களில் சிலருடைய நிலமும் அதில் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

கையெழுத்தும் வேலையும்

வாசிக்கத் தெரியாத மொழியிலுள்ள தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மேற்பார்வையாளர் அவசரப்படுத்துவதற்குக் காரணம், பழி நிறுவனத்தின்மேல் வராமல் உங்களோடு நின்றுவிட வேண்டும் என்பதாக இருக்கக்கூடும். தாளின் நகலைக் கேளுங்கள். தமிழில் மொழிபெயர்த்துத் தரச் சொல்லுங்கள். அதற்குத் தமிழில் உங்கள் கைப்பட விளக்கம் எழுதிக் கொடுங்கள். போலீஸ் விசாரணையில் சாட்சி கொடுக்கும் வாக்குமூலத்துக்குக் கையெழுத்தே தேவையில்லை, வாங்கவும் கூடாது என்று சட்டம் சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். புகார் கொடுப்பவர்தான் கையெழுத்திட வேண்டும். அவருக்கு அதை வாசித்துக் காட்டி, நகலை இலவசமாகத் தர வேண்டும். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969 தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுத் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம் என்றும், பதிலும் தமிழில் வர வேண்டும் என்றும் சொல்கிறது. இங்கே பலர் இந்த உரிமையைப் பயன்படுத்துவதே இல்லை. மலையாளத்தில் யாரையோ எழுதச் சொல்லி, எழுதியவர் போட்ட ஒரு வரியால் வழக்குக் கெட்டுப்போனதைப் பாலக்காட்டு நீதிமன்றங்களில் பார்த்திருக்கிறேன்.

வேலையைப் பொறுத்தவரை, "வர வேண்டாம்" என்பதை எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள். அப்போது நீங்களே பதிவுத்தபாலில், இந்தத் தேதியில் இன்னார் வர வேண்டாம் என்றார், நான் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன் என்று எழுதி அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் நீங்களாகவே வேலைக்கு வராமல் நின்றுவிட்டதாகப் பின்னால் சொல்வார்கள். சம்பள பாக்கியும் வேலைமறுப்பும் மாவட்டத் தொழிலாளர் அலுவலரிடம் முறையிடத்தக்கவை. பணிநேரத்தில் நேர்ந்த காயம் என்பதால், இஎஸ்ஐ பிடித்தம் செய்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். செய்தால் நிறுவனம் விபத்து அறிக்கை அனுப்பக் கடமைப்பட்டது. முதலில் அரசுக் கட்டடத்தின் பொறுப்பு அலுவலரிடம் போய் நிற்பதில் பயனிருக்கும் என்று தோன்றவில்லை. ஒப்பந்தக்காரரின் ஆள் என்று கைகழுவிவிடுவார்கள். ஆனாலும் எழுதும் கடிதத்தின் நகல் அவருக்கும் போகட்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்கிறீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம், அல்லது பாலக்காடு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் நேரில் கேட்கலாம். வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும், பட்டியல் இனத்தவர்களுக்கும், தொழிலாளர் சட்டப்படி தொழிலாளி என வருபவர்களுக்கும் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். இந்த மாவட்டத்தில் அது கடினமான கோரிக்கை அல்ல.

கடைசிப் பக்கத்தில், மணிக்கட்டு வலி இன்னும் குறையவில்லை, நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே என்னை அதிகம் உறுத்தியது அதுதான். இந்த வாரமே அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுங்கள். எப்படிக் காயம் ஏற்பட்டது என்று மருத்துவர் கேட்கும்போது, தயங்காமல், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், அவர் எழுதுவதுதான் சான்று. மணிக்கட்டின் சின்ன எலும்புகளில் ஏற்படும் விரிசல் முதல் சில நாட்களில் வீக்கமாக மட்டுமே தெரியும். கவனிக்காமல் விட்டால் கை பழைய நிலைக்கு வராமலே போகலாம். எலும்பு முறிந்திருந்தால் சட்டத்தில் அது கொடுங்காயம்; பிரிவு 117(2)க்கு மாறி, ஏழாண்டுவரை தண்டனைக்குரிய குற்றமாகிவிடும், போலீஸும் அதைச் சேர்க்காமல் இருக்க முடியாது. எக்ஸ்ரே முடிவு கைக்கு வரும்வரை, யாரோடும் எந்தப் பேச்சும் வேண்டாம்.